பர்லெஸ்க் என்றால் என்ன? உண்மையே பேசாத 'சந்திரஹரி' முதல் பி.ரம்லியின் 'அலி பாபா' வரை

'பர்லெஸ்க்' என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது இறகு விசிறி, மின்னும் உடை, மேடை நடனம். 2010-ல் செர், கிறிஸ்டினா அகிலேரா நடித்து இதே பெயரில் வந்த ஹாலிவுட் படமும் அந்தப் பிம்பத்தைத்தான் உறுதிப்படுத்தியது.

ஆனால் இலக்கிய அகராதியைத் திறந்தால் கதையே வேறு. அங்கே பர்லெஸ்க் என்பது ஒரு கிண்டல் வடிவம். பெரிய விஷயத்தைச் சின்னதாக்கியோ, சின்ன விஷயத்தைப் பெரிதாக்கியோ சிரிக்க வைப்பது.

தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில், அதாவது உப்சியில், தமிழ் படிப்பவர்களும் இருக்கிறார்கள், இசையும் அரங்கக் கலையும் படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே சொல்லைத் தேடும் இந்த இரண்டு தரப்புக்கும் இரண்டு வெவ்வேறு விடை கிடைக்கும். இரண்டுமே சரிதான். ஒன்று எப்படி மற்றொன்றானது என்பதுதான் சுவாரசியம்.

சொல் எங்கிருந்து வந்தது?

இத்தாலிய மொழியில் 'பூர்லா' என்றால் கேலி, குறும்பு. அதிலிருந்து 'பூர்லெஸ்கோ', பிறகு பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு 'பர்லெஸ்க்' வந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் பால் ஸ்காரோன் 1648-ல் இருந்து ரோமானியக் கவி வெர்ஜிலின் மாபெரும் காவியத்தைத் தெருப்பேச்சில் மாற்றி எழுதி வெளியிட்டார். காவிய நாயகர்கள் சந்தைக்கடையில் நிற்பவர்கள் மாதிரி பேசினார்கள். இப்படி உயர்ந்த பொருளைத் தாழ்ந்த நடையில் சொல்வது ஒரு வகை.

தலைகீழாகவும் செய்யலாம். ஆங்கிலக் கவி அலெக்சாண்டர் போப், ஒரு பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளை யாரோ வெட்டிவிட்ட சின்னச் சண்டையை எடுத்துக்கொண்டு, தேவதைகளும் போரும் நிறைந்த காவியம்போல எழுதினார். அற்பமான பொருள், ஆடம்பரமான நடை. இது இன்னொரு வகை.

இரண்டிலும் சூத்திரம் ஒன்றே: சொல்லப்படும் பொருளுக்கும் சொல்லும் நடைக்கும் பொருத்தமே இருக்கக் கூடாது. அந்தப் பொருத்தமின்மையில்தான் சிரிப்பு வெடிக்கிறது.

தமிழில் பர்லெஸ்க்: அரிச்சந்திரனைத் திருப்பிப் போட்டவர்

தமிழில் இதற்கு மிகச் சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் பம்மல் சம்பந்த முதலியாரிடம்தான் போக வேண்டும்.

1873-ல் பிறந்தவர். வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கியவர். படித்தவர்கள் மேடை ஏறுவது கேவலம் என்று நினைத்த காலத்தில் வக்கீல்களையும் அதிகாரிகளையும் அரிதாரம் பூச வைத்தவர். எழுதிய நாடகங்கள் 90-க்கும் மேல்.

அவற்றில் ஒன்று 'சந்திரஹரி'.

பெயரைக் கவனியுங்கள். ஹரிச்சந்திரன் என்பதை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னால் ஒட்டினால் சந்திரஹரி. அரிச்சந்திரன் உயிரே போனாலும் பொய் சொல்லாதவன். சந்திரஹரி உயிரே போனாலும் உண்மை சொல்லாதவன். பெயரிலேயே நாடகத்தின் முழு விதியும் அடங்கிவிட்டது.

இது ஏன் வேலை செய்தது? அரிச்சந்திரன் கதை தமிழர்களுக்குக் கதை மட்டுமல்ல. நாடு போய், மனைவியை விற்று, மகனைப் பாம்பு தீண்டி, சுடுகாட்டில் காவல் காக்கும் அந்த மயான காண்டம் மேடையேறாத ஊர் குறைவு. வசனம் மனப்பாடம், பாட்டு மனப்பாடம், எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதும் மனப்பாடம். அப்படிப்பட்ட பார்வையாளர் முன்னால், அதே வீராப்போடு, அதே லட்சியப் பிடிவாதத்தோடு ஒருவன் வந்து பொய்க்காக உறுதியாக நின்றால்?

இங்கே உண்மை பேசும் அறம் கேலியாகவில்லை. அந்த அறத்தைப் பற்றி மேடையில் நடத்தப்படும் கண்ணீர்ச் சடங்குதான் கேலியாகிறது. பர்லெஸ்க்கின் நுட்பமே இதுதான்: அது பெரும்பாலும் ஒரு கருத்தைத் தாக்குவதில்லை, அந்தக் கருத்து போட்டுக்கொண்டிருக்கும் சட்டையைத் தாக்குகிறது.

1941-ல் இது திரைப்படமாகவும் வந்தது. நடித்தவர்கள் என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம். அதே ஆண்டில் பம்மலின் இன்னொரு நகைச்சுவை நாடகமான 'சபாபதி'யும் படமாகி வெற்றி பெற்றது. இன்று சபாபதியை நினைவில் வைத்திருப்பவர்கள் அதிகம், சந்திரஹரியைத் தெரிந்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், இரண்டில் துணிச்சலானது சந்திரஹரிதான்.

பகடி, அங்கதம், நையாண்டி: எல்லாம் ஒன்றா?

பேச்சில் எல்லாவற்றையும் 'கலாய்க்கிறது' என்று முடித்துவிடுகிறோம். ஆனால் வித்தியாசம் உண்டு.

அங்கதம் பழைய சொல். தொல்காப்பியம் செய்யுளியலில் அது இரண்டு வகையாக வருகிறது: நேரடியாகத் திட்டுவது 'செம்பொருள்', மறைத்துத் திட்டுவது 'பழிகரப்பு'. இரண்டிலும் ஓர் இலக்கு, ஒரு குற்றச்சாட்டு இருக்கும். பகடி என்பது ஒரு குறிப்பிட்ட படைப்பையோ எழுத்தாளரையோ போலச் செய்து காட்டுவது. பர்லெஸ்க் இன்னும் அகலமானது: ஒரு கதை, ஒரு வகை நாடகம், ஒரு முழு மரபையே ஊதிப் பெருக்கியோ தரையில் இழுத்தோ காட்டும். தமிழில் இதற்குக் 'கேலிக்கூத்து' என்ற சொல் பொருத்தமாக இருந்திருக்கும். நாம் அதைக் குளறுபடியான அரசு நடவடிக்கைகளைத் திட்டப் பயன்படுத்தியே தேய்த்துவிட்டோம்.

பெரிய நடையில் துயரத்தைச் சொன்ன ஒரு தமிழ் நூலையும் இங்கே சேர்க்கலாம். வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்'. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் பின்னணியில் எழுதப்பட்டது. பசி தாங்காத மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் அழ, அவரோ சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். கடவுளே ஜமீனுக்கு மனுப் போடும் நிலை! சிரிப்பு வரும், கூடவே தொண்டை அடைக்கும்.

1,400 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சியில்

பெயர் ஐரோப்பியம் என்றாலும் வித்தை நமக்குப் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நாடகத்தை எழுதினான். மொழி சமஸ்கிருதமும் பிராகிருதமும், களம் காஞ்சி நகரத் தெரு.

சத்தியசோமன் என்ற காபாலிகத் துறவி போதையில் தன் மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். பழி ஒரு புத்த பிக்குவின் மேல் விழுகிறது. நடுவில் ஒரு பாசுபதர் பஞ்சாயத்துக்கு வருகிறார். கடைசியில் பார்த்தால் பாத்திரத்தைத் தூக்கிப்போனது ஒரு நாய், நாயிடமிருந்து பறித்தவன் ஒரு பைத்தியக்காரன்.

ஓரிடத்தில் காபாலிகன் கள்ளுக்கடையைப் பார்த்து, அதை ஒரு வேள்விச்சாலையாகவே வர்ணிக்கிறான். கள் அங்கே சோமபானம், குடிகாரர்கள் வேதியர்கள். போப் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் செய்த அதே உத்தி. அந்தப் பிக்குவோ, புத்தர் மதுவையும் மங்கையையும் அனுமதித்துத்தான் இருப்பார், பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள் அந்தப் பக்கங்களை ஒளித்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறார்.

எழுதியது ஒரு மன்னன் என்பதை மறக்க வேண்டாம். மன்னனுக்குத் தடை போட யார் இருக்கிறார்கள்?

கட்டியக்காரன் என்ற ஆள்

மன்னன் இல்லாத மேடையில் அந்த வேலையைச் செய்தவர் தெருக்கூத்தின் கட்டியக்காரன். கூத்தைத் தொடங்கிவைப்பார், பாத்திரங்களை அறிமுகம் செய்வார், தேவைப்பட்டால் சேவகனாகவும் தூதனாகவும் மாறுவார். துரியோதனன் திரைக்குப் பின்னால் இருந்து தன் பெருமையைப் பாடி முழங்கிவிட்டு வெளியே வந்தால், "யாருப்பா நீ, எங்க வந்த?" என்கிற தோரணையில் நிற்பார். ராஜா செய்யுளில் பேசுவார், கட்டியக்காரன் ஊர்ப்பேச்சில் பேசுவார்.

இந்த ராஜாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கிராணியையோ கங்காணியையோ வைத்துப் பாருங்கள். பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டிக்கு அந்த நகைச்சுவையை விளக்கவே தேவையில்லை.

அப்புறம் ஏன் அது 'கவர்ச்சி நடனம்' ஆனது?

19-ஆம் நூற்றாண்டு லண்டனில் பர்லெஸ்க் ஒரு மேடைத் தொழிலாகவே இருந்தது. ஷேக்ஸ்பியர், ஆப்பரா, கிரேக்கப் புராணம் எதுவும் தப்பவில்லை. பிரபல நாடகம் ஒன்று ஓடினால் சில வாரங்களில் அதன் கேலிப் பதிப்பு பக்கத்து அரங்கில் வந்துவிடும். இன்றைய மீம் வேகம்தான்.

அந்த மேடையில் ஆண் வேடங்களைப் பெண்கள் ஏற்பது வழக்கம். நீண்ட பாவாடையில் கணுக்கால் தெரிவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில், இளவரசனாக நடிக்கும் பெண் இறுக்கமான காலுறையில் வருவார். பாதிக் கூட்டம் கேலிக்கு வந்தது, மீதிக் கூட்டம் எதற்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

1868-ல் லிடியா தாம்ஸன் என்ற ஆங்கில நடிகை தன் குழுவோடு நியூயார்க் போனார். கிரேக்கப் புராணக் கேலி நாடகம் 'இக்ஸியான்' பெரும் வெற்றி. பத்திரிகைகள் முதலில் பாராட்டின, பிறகு ஒழுக்கக்கேடு என்று பாய்ந்தன. கேலி பேசும் பெண், கவர்ச்சியான பெண், குழுவின் முதலாளியும் பெண்: மூன்றும் ஒரே ஆளாக இருந்ததுதான் பலருக்குச் செரிக்கவில்லை.

அமெரிக்காவில் அதன்பின் நாடகப் பகுதி சுருங்கியது. பாட்டு, நடனம், இரண்டு கோமாளிகளின் வாய்ச்சண்டை, கடைசியில் உடை களையும் நடனம் என்று கதம்ப நிகழ்ச்சியாக மாறியது. நியூயார்க்கில் மின்ஸ்கி சகோதரர்களின் அரங்குகள் புகழ்பெற்றன. 1937-ல் மேயர் லகார்டியா நிர்வாகம் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. விளம்பரத்தில் 'பர்லெஸ்க்' என்ற சொல்லுக்கே தடை. 1990-களில் சில பெண் கலைஞர்கள் நகைச்சுவையோடு அதை மீட்டெடுத்தார்கள். இணையத் தேடலில் நீங்கள் பார்ப்பது அந்தப் புதிய அலையைத்தான்.

அந்தக் கதம்ப மேடை ஒரு நல்ல சொத்தையும் விட்டுப்போனது: ஒருவர் சீரியஸாகக் கேட்க, மற்றவர் புரியாததுபோல் பதில் சொல்லிக் கடுப்பேற்றும் இருவர் நகைச்சுவை. அபாட், காஸ்டெல்லோ இருவரும் அங்கிருந்து வந்தவர்கள். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியில் கவுண்டமணியும் செந்திலும் ஓட்டுவது அதே வண்டிதான். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, மேடை எங்கும் மேடைதான்.

லிடியா தாம்ஸன் கதை தமிழ் நாடக வரலாறு படித்தவர்களுக்குக் கும்பகோணம் பாலாமணி அம்மாளை நினைவூட்டும். முழுக்கப் பெண்களே நடித்த நாடகக் கம்பெனியை நடத்தியவர். 'தாரா சசாங்கம்' நாடகத்தில் அவர் உடை பற்றிய சர்ச்சை அந்தக் காலத்துப் பெரிய பேச்சு. அவர் நாடகத்துக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள் என்றும் பழைய நாடகக்காரர்கள் சொல்வதுண்டு.

மலேசியாவில்: பங்சாவானைக் கிண்டல் செய்த படம்

நம்ம நாட்டு மேடைக் கதை பினாங்கில் ஆரம்பிக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாய் மொழியில் உருவானது பங்சாவான். அரேபிய, இந்திய, மலாய் அரண்மனைக் கதைகள், ஜிகினா உடை, நீட்டி முழக்கும் வசனம். காட்சி மாற்றும் இடைவெளியில் 'எக்ஸ்ட்ரா டேர்ன்' என்று பாட்டு, நடனம், கோமாளித்தனம்.

அடுத்த தலைமுறை இதிலிருந்து விலகி, எழுதப்பட்ட வசனத்தோடு 'சாண்டிவாரா' நாடகத்துக்குப் போனது. அந்த மாற்றத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்களில் ஒருவரான நாடகாசிரியர் ஷாஹாரோம் ஹுசைன், தஞ்சோங் மாலிமில் 1922-ல் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். இன்றைய உப்சி அதுதான்.

பங்சாவானை விட்டு விலகுவது ஒரு வழி. பி.ரம்லி வேறு வழியைப் பிடித்தார். 1961-ல் அவர் இயக்கி நடித்த 'அலி பாபா பூஜாங் லாப்போக்', பங்சாவான் மேடைக்கே உரிய அரேபியக் கதையை எடுத்து, அந்தக் கதைக்கு வரவே கூடாத நவீன காலப் பொருட்களையும் அன்றாடப் பேச்சையும் உள்ளே விட்டது. அலி பாபாவும் திருடர்களும் அரேபிய உடையில் நம்ம பட்டணத்து ஆட்களாக நடந்துகொள்கிறார்கள். படத்தை முழுமையாக ரசிக்க பங்சாவான் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். 1961-ல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று பார்ப்பவர்களுக்குப் படம் மட்டும் இருக்கிறது, கிண்டலுக்கு ஆளான மேடை கிட்டத்தட்ட இல்லை.

ஒரு துணுக்கு: 1950-ல் வந்த 'பக்தி' படத்தில் ரம்லிக்கு முதல்முறையாகக் கதாநாயகன் வேடம் கொடுத்த இயக்குநர் எல்.கிருஷ்ணன், மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர்.

தமிழ் சினிமாவில் இந்த வேலையை விஜய் டிவியின் 'லொள்ளு சபா' சின்னத்திரையில் பழக்கப்படுத்தியது. 2006-ல் சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' பழைய ராஜா ராணிப் படங்களின் நடையை அப்படியே வடிவேலுவின் வாயில் வைத்தது. 2010-ல் சி.எஸ்.அமுதனின் 'தமிழ்ப்படம்' ஒட்டுமொத்த ஹீரோ மரபையும் போட்டுத் தாக்கியது.

சிரிப்புக்குச் சட்டம் வந்த கதை

பர்லெஸ்க் வெறும் தமாஷ் என்றால் அரசுகள் ஏன் பயப்பட வேண்டும்?

1876-ல் கல்கத்தாவில், வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்குள் வரவேற்ற ஒரு வழக்கறிஞரைக் கிண்டல் செய்து நாடகம் போட்டார்கள். விளைவு, அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம். விடுதலைக்குப் பிறகும் இந்தியாவில் அது புத்தகத்தில் இருந்தது. நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2017-ன் இறுதியில்தான்.

சென்னை மாகாணம் 1954-ல் தனக்கென்று ஒரு நாடகச் சட்டத்தை இயற்றியது. அதன் முக்கிய இலக்கு எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகம் என்பதே நாடக வரலாற்றில் பொதுவாகச் சொல்லப்படுவது. எதிர்ப்பாளர்கள் 'கீமாயணம்' என்று அழைத்த அந்த நாடகம் காவிய நாயகர்களைத் தரைக்கு இழுத்துவந்தது. பக்தர்களுக்கு அது புண்படுத்தல், திராவிட இயக்கத்தினருக்கு அது விமர்சனம். ராதா கைதானார், திரும்பவும் மேடை ஏறினார். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. ராதா இறந்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேராக்குக்கே வருவோம். கிராஃபிக் ஓவியர் ஃபாமி ரேசா 2016-ல் அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கைக் கோமாளி முகத்தோடு வரைந்து வெளியிட்டார். தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வழக்கு. 2018 பிப்ரவரியில் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஈப்போ உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை 10,000 ரிங்கிட்டாகக் குறைத்தது.

கிண்டல் மேலே போகிறதா, கீழே விழுகிறதா?

மேலே சொன்னவை அதிகாரத்தையோ புனிதத்தையோ நோக்கிப் போன கிண்டல்கள். எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு உண்டு, அதைத் தவிர்த்துவிட்டு இந்தச் சொல்லை விளக்க முடியாது.

தமிழ்நாட்டுத் திருவிழா மேடைகளில் 'குறவன் குறத்தி ஆட்டம்' என்று ஒன்று நடந்துவந்தது. இரட்டை அர்த்த வசனம், கவர்ச்சி நடனம், நகைச்சுவை. பர்லெஸ்க்கின் இரண்டு அர்த்தங்களும் ஒரே மேடையில் சந்தித்த இடம் என்றே சொல்லலாம். ஆனால் அங்கே கேலிக்கு ஆளானது ஒரு காவியமோ அரசனோ இல்லை. குறவர் என்ற, இன்றும் வாழும் ஒரு சமூகம். எங்கள் பெண்களை ஊர் ஊராக ஆபாசமாகச் சித்தரிக்கிறார்கள், பள்ளியில் பிள்ளைகள் அவமானப்படுகிறார்கள் என்பது அவர்களின் புகார். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2023-ல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது.

அந்த மேடையை நம்பிப் பிழைத்த கலைஞர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதும் உண்மை. அதே வேளை, சந்திரஹரியைப் பார்த்து அரிச்சந்திரன் வந்து புகார் கொடுக்கப் போவதில்லை. குறவர் வீட்டுப் பெண் கொடுத்தார்.

பள்ளி ஆண்டுவிழாவுக்கோ வளாகக் கலைநிகழ்ச்சிக்கோ காமெடி ஸ்கிட் எழுதும்போது 'தோட்டத்துத் தமிழ்' பேசும் குடிகாரர், கறுப்புப் பெண், பெண்வேடமிட்ட ஆண் என்று கை தானாகப் போகும் பாத்திரங்கள் சில உண்டு. அவை எந்த மேடை மரபையும் திருப்பிப் போடுவதில்லை. ஏற்கெனவே கீழே இருப்பவரை இன்னொரு முறை கீழே தள்ளுகின்றன, அவ்வளவுதான். திருப்பிப் போட வேண்டுமென்றால் கைவசம் நிறைய இருக்கிறது: பட்டமளிப்பு விழா உரை, கல்யாண மண்டப மேடைப் பேச்சு, தொலைக்காட்சித் தொடரில் மாமியார் திரும்பும்போது வரும் அந்த மூன்று மின்னல் வெட்டு.